மாப்பிள்ளையின் இடப்பக்கம்

நிச்சயம் முடிந்த பதினோராம் நாள், மாப்பிள்ளை பாண்டியராஜனுக்கு வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தது. கப்பலூர் தொழிற்பேட்டையில் சின்னதாகப் பட்டறை வைத்து, இரும்புத் தகட்டை வளைத்துப் பெட்டி செய்கிறவன் அவன். லாரியில் தகடு வந்த அன்று ஆள் குறைந்ததென்று தானே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். பிடித்த கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்புக்குக் கீழே ஏதோ நழுவியது. படுத்தால் உள்ளே போனது, எழுந்தால் வெளியே வந்தது. டாக்டர் குடலிறக்கம் என்றார். விவரமானவனாக இருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு ஆபரேஷனை முடித்துவிட்டு, கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லியிருப்பான். இவன் யோக்கியன். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று அன்றைக்கே மீனாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

மீனா அம்மாவிடம் சொன்னாள். அம்மா செல்லத்தாய், முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னாள். கீழமாசி வீதியில் பருப்பு மண்டி வைத்திருக்கும் சிவனாண்டி அப்போது ஆனையூர் வீட்டில், இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தி காதில் விழுந்ததும் சட்னி இல்லாமலே நாலாவது இட்லி இறங்கிவிட்டது.

“எந்தப் பக்கம்?”

“வலப்பக்கமாம்.”

“இடப்பக்கம்?”

“அது எனக்கு எப்படிங்க தெரியும்?”

“தெரிஞ்சிக்கிருவோம்,” என்றார் சிவனாண்டி.

வருங்கால மருமகனுக்கு நோய் என்றதும் மாமனாருக்குப் பசி எடுத்த காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். நிச்சயம் முடிந்த நாலாம் நாள் கல்யாணத் தரகர் அழகுராஜா மண்டிக்கு வந்தார். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருக்கும் ஒரு பையனின் ஜாதகத்தை மேசைமேல் வைத்தார். “ஒரு வாரம் முந்தி வந்திருந்தா நம்ம மீனாவுக்கே முடிச்சிருக்கலாம்ணே. நம்ம நேரம், என்ன செய்ய?” என்று பெருமூச்சு விட்டுவிட்டு, ஜாதகத்தை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார். தரகர்கள் எதையும் மறந்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் அல்லர்.

அரசாங்க வேலை. அழகர்கோவில் சாலையில் சொந்தமாகக் கல்யாண மண்டபம். அப்பா இல்லை, ஒரே பிள்ளை. பாண்டியராஜனோ முப்பத்து மூன்று வயதுப் பட்டறைக்காரன். நாலு வருஷமாகப் பெண் தேடிப் பதினாறு வீடுகளில் கேசரி சாப்பிட்டு, பதினேழாவது வீட்டில் அமைந்தவன்.

மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் சிவனாண்டியின் சொந்தபந்தத்தில் நிச்சயத்தை முறிப்பதற்கு ஒரு முறை உண்டு. எதிர்வீட்டில் குறை எதுவும் இல்லாமல் முறித்தால், நிச்சயத்துக்கு வந்த அதே ஆட்களைக் கூட்டிக்கொண்டு, வந்த தட்டுகளை இரண்டு மடங்காக்கி அந்த வீட்டில் கொண்டுபோய் வைத்து, ‘தப்பு எங்க மேல’ என்று வாயால் சொல்ல வேண்டும். குறை இருந்தால், அந்தச் சபையில் அதைச் சொன்னால் போதும், தட்டுகள் வந்தபடியே திரும்பும். மன்னிப்பாக ஒரு வார்த்தை வேண்டாம். தட்டு சிவனாண்டிக்குப் பெரிதில்லை. அந்த மூன்று சொல்தான் பெரிது. வாய்ச்சொல்லை நம்பி விவசாயி லாரியை அனுப்புகிற தொழில் அவருடையது. தப்பு தன் மேல் என்று சிவனாண்டி சொன்னதாக எவனாவது டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் போதும், மறுநாள் உளுந்து லாரி அடுத்த மண்டி வாசலில் நிற்கும்.

ஆக, மாப்பிள்ளையிடம் ஒரு குறை வேண்டும். வலப்பக்கத்து வீக்கம் ஆகாது. அவனே சொல்லிவிட்டான், ஆபரேஷனும் செய்துகொள்ளப் போகிறான். சொல்லிச் சரிசெய்த குறை சபையில் குறையாக நிற்காது. சொல்லாத குறையாக வேண்டும். அவனுக்கே தெரியாத குறை என்றால் இன்னும் உத்தமம்.

இந்த இடத்தில்தான் சிவனாண்டிக்குத் தொழில் கைகொடுத்தது. மண்டியில் சரக்கு வாங்கும்போது மூட்டையின் கட்டை அவிழ்க்க மாட்டார்கள். குத்தூசி என்று குழல் மாதிரி ஓர் இரும்பு ஊசி இருக்கிறது. அதை மூட்டையின் விலாவில் சொருகினால் உள்ளே இருக்கிற பருப்பு உருண்டு வந்து உள்ளங்கையில் விழும். விற்கிறவன் விவரமாக, நமக்கு முகம் காட்டுகிற பக்கத்தில் நல்ல பருப்பைப் போட்டுவைப்பான். சிவனாண்டி மூட்டையைச் சுற்றிக்கொண்டு போய், எதிர்ப்பக்கம் குத்துவார். முப்பது வருஷத்தில் அவர் பிடித்த திருட்டெல்லாம் எதிர்ப்பக்கத்தில் பிடித்ததுதான். வலப்பக்கம் பழுது என்று ஒருவன் தானாக வந்து சொன்னால், சிவனாண்டியின் கை தானாக இடப்பக்கம் போகும்.

“மாப்ள, ஒண்ணும் யோசிக்காதீங்க. நமக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க. நான் கூட வாரேன்,” என்று போனில் சொன்னார்.

பாண்டியராஜன், “சரிங்க மாமா,” என்றான். அவனுடைய அம்மா முனீஸ்வரி, பக்கத்திலிருந்து போனைப் பிடுங்கி, “அப்பன் இல்லாத புள்ளைக்கு அப்பனாட்டம் வந்து நிக்கிறீக அண்ணே. நீங்க நல்லா இருக்கணும்,” என்று அழுதாள். சிவனாண்டி நன்றாகத்தான் இருந்தார்.

டாக்டர் பெர்சி, மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். சொன்ன பதிலையே திரும்பக் கேட்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். படம் போட்டுக் காட்டி விளக்கினார்.

“தொப்புள்கிட்ட ஒரு சின்னத் துளை போட்டு கேமராவ உள்ள விடுவோம். லேப்ராஸ்கோப்பி. உள்ளருந்தே வலை வச்சு வலப்பக்கத்த அடைச்சிருவோம். கேமரா உள்ள இருக்குறப்ப இடப்பக்கமும் தெரியும். சில பேருக்கு அங்கயும் ஒரு திறப்பு இருக்கும். பிறந்தப்ப மூடியிருக்க வேண்டியது, மூடாம நின்னுபோனது. அது பின்னாடி குடலிறக்கமா மாறலாம், மாறாமலும் போகலாம். நிறையப் பேருக்கு மாறுறதில்ல. அப்படி இருந்தா அப்பவே அடைச்சிரவா, விட்டுட்டுக் கவனிக்கவா? மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடியே நீங்க சொல்லணும்.”

சிவனாண்டிக்கு உடம்பெல்லாம் காதாக இருந்தது. மூட்டையைத் திருப்பாமலே எதிர்ப்பக்கத்தைக் குத்துகிற ஊசியை எவனோ கண்டுபிடித்திருக்கிறான்!

“பாருங்க டாக்டரம்மா. கட்டாயம் பாருங்க,” என்றார். “ஆனா ஓட்டை இருந்தாலும் அடைக்காதீக.”

பேனா நின்றது. “ஏன்?”

“ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் எதுக்குங்க? கல்யாணம் வருது, ஆளு சீக்கிரம் எந்திரிக்கணும்ல? சும்மா பாத்து வச்சுக்கிருவோம், பெறகு செஞ்சுக்கிருவோம்.”

சொன்ன காரணம் இது. உள்ளே இருந்த காரணம் வேறு. ஓட்டை இருந்து அடைத்துவிட்டால் குறை அன்றோடு தீர்ந்துபோகும். அடைக்காமல் விட்டால்தான் சபையில் வைக்கலாம்.

டாக்டர் பாண்டியராஜன் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. இடுப்பு உங்களோடதா, அவரோடதா?”

பாண்டியராஜன் சிரித்தான். “மாமா சொன்னாச் சரியாத்தான் இருக்கும் டாக்டர்.”

“அவரு கொஞ்சம் வெளிய இருக்கட்டுமா? தனியா பேசலாம்.”

“வேணாம் டாக்டர். மாமா இருக்கட்டும்.”

“அந்த வீடியோவ நானும் ஒரு பார்வை பாத்துக்கிறலாம்ல மாப்ள?” என்றார் சிவனாண்டி, சந்தையில் கூடுதலாக ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்கிற குரலில்.

“பாருங்க மாமா. உங்களுக்கு இல்லாததா?”

அதற்கும் ஒரு காகிதம் இருந்தது. பாண்டியராஜன் அதிலும் கையெழுத்துப் போட்டான். பட்டறையில் ஒரு தகட்டை வெட்டுவதற்கு முன் மூன்று தரம் அளக்கிறவன், தன் வயிற்றைத் திறக்கிற காகிதத்தை ஒரு தரம்கூடப் படிக்கவில்லை.

ஆபரேஷன் அன்று முனீஸ்வரி வெளியே பெஞ்சில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தரம் கதவு திறக்கும்போதும் எழுந்தாள். சிவனாண்டி பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஆறுதல் சொன்னார். மனசுக்குள் ஒரு வேண்டுதலும் வைத்தார். இடப்பக்கம் ஓர் ஓட்டை, பெரிதாகக்கூட வேண்டாம், சுண்டுவிரல் போகிற அளவுக்கு இருந்தால் போதும்.

முனீஸ்வரியும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டுதான் இருந்தாள். சாமிக்கு அன்றைக்கு ஒரே இடுப்பைப் பற்றி இரண்டு மனு.

மதியம் டாக்டர் கூப்பிட்டார். முனீஸ்வரி, “எனக்கு அதெல்லாம் பாக்கத் தெம்பில்லண்ணே, நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க,” என்று நின்றுகொண்டாள். சிவனாண்டி உள்ளே போய் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இதான் வலப்பக்கம். ஓட்டை தெரியுதா? இப்ப வலை வச்சாச்சு. சரியாயிட்டாரு.” கேமரா நகர்ந்தது. இளஞ்சிவப்பாக, மழுமழுவென்று, ஈரத்தில் மின்னிக்கொண்டு ஒரு சுவர் வந்தது. “இது இடப்பக்கம். திறப்பு எதுவும் இல்ல. நல்லா மூடியிருக்கு.”

சிவனாண்டி திரையை ஒட்டிப் போய் விரலை வைத்தார். “இந்தக் குழி?”

“அது ரத்தக்குழாய் போற இடம். லேசா பள்ளமாத் தெரியும். எல்லாருக்கும் இருக்கும்.”

“எனக்குமா?”

“உங்களுக்கும்தான்.”

“நாளப்பின்ன இதுவே ஓட்டையாயிரும்ல?”

“வாய்ப்பு கம்மி.”

“கம்மின்னா, நூத்துக்கு எம்புட்டு?”

“அப்படி ஒரு நம்பர் சொல்ல முடியாது. திறப்பு இருக்கிறவங்கள்லயே பாதிப் பேருக்கு மேல ஒண்ணும் ஆகுறதில்ல. இவருக்குத் திறப்பே இல்ல.”

“ஒரு பத்து வச்சுக்குவமா?”

“வைக்க வேணாம்.”

“சரி, உங்க பேச்சும் வேணாம், எம் பேச்சும் வேணாம். அஞ்சு.”

“சார்.”

“மூணு? மூணுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க, போதும்.”

“சார், நான் கத்தரிக்கா விக்கல.”

வாழ்நாளெல்லாம் வாங்குகிறவன் இடத்தில் உட்கார்ந்து அடித்துப் பேசியவர், அன்றைக்கு விற்கிறவன் மாதிரி படிப்படியாக இறங்கி வந்தும் சரக்கு நகரவில்லை. கடைசியாக ஒன்று தோன்றியது. “இடப்பக்கம் ஆயுசுக்கும் வராதுன்னு எழுதித் தருவீகளா?”

“எந்த மனுசனுக்கும் அப்படி எழுதித் தர முடியாது.”

“அப்ப, தர முடியாதுன்னு எழுதிக் குடுங்க.”

டாக்டர் பெர்சி கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க பொண்ணோட அப்பாதான? மாப்பிள்ளை நல்லா இருக்காருன்னு சொன்னா உங்க முகம் ஏன் சுருங்குது?”

“சந்தோசத்துல டாக்டரம்மா,” என்றார் சிவனாண்டி.

வீட்டுக்கு வந்தால் மீனா வாசலிலேயே நின்றாள். இருபத்தாறு வயது, ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். “எல்லாம் நல்லா இருக்காம்ப்பா. இப்பத்தான் அவங்கம்மா போன் பண்ணாங்க. இடப்பக்கமும் சுத்தமாம்ல!” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சலாக வந்தது.

நாலு நாள் மண்டியில் யாரோடும் சரியாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அழகுராஜா இரண்டு தரம் வந்து, மின்வாரியத்துப் பையனுக்குத் திருமங்கலத்தில் ஓர் இடம் தகைகிற மாதிரி இருக்கிறது என்று காதில் போட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் காலையில் பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி, தன் காட்டில் விளைந்த நாற்பது மூட்டை துவரையோடு வந்தான். “எல்லா மூட்டையையும் குத்திப் பாத்துக்கங்க மொதலாளி. எந்தப் பக்கம் வேணும்னாலும் குத்துங்க,” என்றான். நல்ல துவரைதான். சிவனாண்டி உடனே விலையைத் தட்டி வைத்தார். இம்புட்டுத் தாராளமாகக் குத்தச் சொல்கிறவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது; போக்கிடம் இல்லாதவனுக்கு எதற்கு முழு விலை? சம்சாரி தலையைச் சொறிந்துகொண்டே ஒத்துக்கொண்டான்.

அவன் போன பிறகுதான் சிவனாண்டிக்குச் சுரீரென்றது. குறையைத் தேடி மாப்பிள்ளையின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டியதே இல்லை. அது டாக்டர் மேசைமேலேயே, கையெழுத்தோடு கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, நிச்சயத்துக்கு வந்த அதே ஆட்கள் பாண்டியராஜன் வீட்டில் கூடினார்கள். கல்யாண நாளைக் குறிக்கத்தான் கூட்டம் என்று முனீஸ்வரி வடைக்கு அரைத்திருந்தாள். பாண்டியராஜன் தையல் வலிக்காமல் இருக்க வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்தான். இருமினாலும் சிரித்தாலும் அவனுக்கு வலித்தது.

சிவனாண்டி எழுந்தார்.

“வலப்பக்கம் சரியாப் போச்சு. இடப்பக்கம் கண்ணாடியாட்டம் இருக்கு. நானே பாத்தேன். அதுல ஒரு குறை சொன்னா எம் வாயி அழுகிப்போகும்.”

முனீஸ்வரியின் முகம் மலர்ந்தது.

“குறை வேற எடத்துல. அன்னிக்கி ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை விட்டுப் பாத்தேன். ‘ஓட்டை இருந்தாலும் அடைக்காதீக’ன்னேன். எவனோட இடுப்பு? நாளைக்கு எவனுக்கு வலிக்கப் போகுது? ‘ஏன் மாமா’ன்னு ஒரு சொல்லு கேக்கல. ‘ஒங்க வயித்துக்குள்ள நான் பாக்கணும்’னேன். மடியில இருக்குற துண்ட எடுத்துக் குடுக்குற மாதிரி கையெழுத்துப் போட்டாரு. டாக்டரம்மா தனியா கூப்புட்டாக, அதுக்கும் ‘மாமா இருக்கட்டும்’ங்கிறாரு! நாளைக்கு எம் மக கையப் புடிச்சு எவனாச்சும் இழுத்தா, மாப்ள எனக்குப் போன் போட்டு, ‘மாமா, தடுக்கவா வேணாமா’ன்னுல்ல கேப்பாரு?”

கூட்டத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் இன்னொருவர் சிரித்தார்.

“கேமரா எல்லாத்தையும் காட்டுச்சு. கொடலு, ஈரலு, எல்லாம் இருந்துச்சு. முதுகெலும்பத்தான் காணோம்.”

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். பாண்டியராஜன் வீட்டுப் பங்காளிகளும் சிரித்தார்கள். கூட்டம் சிரித்தால் தானும் சிரிக்கிற பழக்கம் பாண்டியராஜனுக்கு உண்டு. தலையணையை இறுக்கிக்கொண்டு அவனும் லேசாகச் சிரித்தான். தையல் இழுத்ததில் முகம் கோணியது.

“பாத்துக்கங்க,” என்று சிவனாண்டி கையை நீட்டிக் காட்டினார். “இதுக்கும் சிரிக்கிறாரு.”

கதை அதோடு முடிந்தது. நிச்சயத்தை முறிப்பதற்குச் சபை காரணத்தைத்தான் கேட்கும். அன்றைக்கு மாப்பிள்ளையே சபைக்கு நடுவில் உட்கார்ந்து காரணத்தைக் காட்டிவிட்டான்.

முனீஸ்வரி மாவுக் கையோடு வந்து நின்றாள். “அண்ணே, எம் புள்ள உங்கள அப்பன் ஸ்தானத்துல வச்சுல்ல தலையாட்டுனான்?”

“அதத்தான் தங்கச்சி நானும் சொல்றேன். ஆட்டத்தான் தெரியுது.”

தட்டுகள் வந்தபடியே திரும்பின. சிவனாண்டியின் வாயிலிருந்து அந்த மூன்று சொல் வரவில்லை. வடை யாருக்கும் சுடப்படவில்லை.

வீட்டில் மீனா இரண்டு நாள் அறையைவிட்டு வரவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள். “உங்க மேல வச்ச மரியாதையிலதான்ப்பா அவரு தலையாட்டுனாரு. அது உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்த்தா. அந்த மரியாதைய வச்சுத்தான் உன்னய மீட்டுக்கிட்டு வந்தேன். கவர்மென்ட் மாப்ள வாரான், போயி மூஞ்சியக் கழுவு.”

அவள் மறு செருப்பையும் மாட்டினாள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சிவனாண்டி இதை இதோடு விட்டிருக்கலாம். ஆனால் நல்ல பேரத்தை முடித்தவனுக்கு அதைச் சொல்லாமல் சோறு இறங்காது. மாப்பிள்ளைக்குக் கேமரா விட்டுப் பார்த்த கதையை மண்டியில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டும் சொன்னார். முதுகெலும்பைக் காணோம் என்கிற இடம் வரும்போது ஒவ்வொரு தரமும் ஒரு வினாடி நிறுத்துவார். கீழமாசி வீதியில் கிளம்பிய கதை, ஒரு வாரத்தில் அழகர்கோவில் சாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் சோலையம்மாள், மின்வாரியத்துப் பையனின் அம்மா. புருஷன் போன பிறகு மண்டபத்தை ஒற்றை ஆளாக நடத்துகிறவள். சமையல்காரன், பந்தல்காரன், பூக்காரன் எல்லாரையும் தினமும் பேரம் பேசி ஓடவிட்டுப் பழகியவள். ஒரு நல்ல நாளில் மகன் முத்துக்குமரனையும் அழகுராஜாவையும் கூட்டிக்கொண்டு ஆனையூருக்குப் பெண் பார்க்க வந்தாள். மீனா காப்பி கொடுத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முத்துக்குமரன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று அழகுராஜா கேட்டதற்கு, “அம்மா சொன்னாச் சரி,” என்றான். சிவனாண்டிக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அரசாங்க வேலை என்பதால் விழுங்கிக்கொண்டார்.

சோலையம்மாள் பஜ்ஜியைத் தின்று முடித்து வாயைத் துடைத்தாள். “அண்ணே, டவுன் பூராம் உங்க பேச்சுத்தான். மாப்ளைக்கு கேமரா விட்டுப் பாத்தவருன்னு.”

“பொண்ணக் குடுக்குறம்ல தங்கச்சி? பாக்கணும்ல?” என்றார் சிவனாண்டி அடக்கத்தோடு.

“அப்படிச் சொல்லுங்க. எனக்கும் அதேதான். பொண்ண எடுக்குறம்ல, நாங்களும் பாக்கணும்ல?”

“அதான் வந்து பாத்துட்டீகளே!”

“பொண்ண எங்க பாத்தேன்? சேலையப் பாத்தேன். எனக்கு ஒத்தப் புள்ளண்ணே. எனக்குப் பேரன் வேணும். கருப்பை, குழாய், ரெண்டு பக்கத்துச் சினைப்பை, எல்லாம் கேமராவுல ஒரு பார்வை பாத்துட்டு நாள் குறிச்சிருவோம். தொப்புள்கிட்ட ஒரு சின்ன ஓட்டதான? மறுநாளே எந்திரிச்சு நடக்குறாகளாம்.”

செல்லத்தாயின் கையிலிருந்த தட்டு தரையில் இடித்தது. அழகுராஜா கூரையைப் பார்த்தார்.

“அது… ஸ்கேன் எடுத்துருவோம் தங்கச்சி,” என்றார் சிவனாண்டி. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “எந்த ஸ்கேன் வேணும்னாலும் சரி.”

“ஸ்கேன் மேலாப்புல தடவிப் பாக்குறதுண்ணே. நீங்க அந்தப் பையன மேலாப்புலயா பாத்தீக?”

“அவனுக்கு நோவு இருந்துச்சு. எப்படியும் ஆபரேசன் பண்ண வேண்டியது. எம் மகளுக்கு ஒண்ணுமில்லையே!”

“அவனுக்கும் இடப்பக்கம் ஒண்ணும் இல்லைல? இருந்தும் பாத்தீகல்ல? ஒண்ணும் இல்லைன்னா பயம் எதுக்கு?”

“காரணம் இல்லாம அந்த டாக்டரம்மா கத்தியத் தொட மாட்டாகளே.”

“வேற ஆளு இருக்காரு. அவரு மகன் கல்யாணம் நம்ம மண்டபத்துலதான் நடந்துச்சு. நான் சொன்னா ஒரு காரணம் எழுதிக்கிருவாரு.”

சிவனாண்டியின் மூளை பழைய வேகத்தில் ஓடிப் பார்த்தது. எழுந்து போங்கள் என்று சொல்லலாம். சொன்னால், சிவனாண்டி மகளுக்கு உள்ளே ஏதோ இருக்கிறது, அப்பன்காரனே பார்க்க விடவில்லை என்கிற பேச்சு, வாரத்துக்கு மூன்று கல்யாணம் நடக்கிற மண்டபத்திலிருந்து கிளம்பும். கேட்கிற ஆயிரம் பேரில் ஒருவனாவது அதை நம்பாமல் இருப்பானா? ஒரே மாதத்தில் இரண்டாவது சம்பந்தம் முறிந்த பெண் என்கிற பேச்சும் கூடவே போகும். சம்மதம் என்று சொல்லலாம். அதற்கு மேல் யோசிக்க அவரால் முடியவில்லை. எதிரே இருக்கிறவள் கெட்டிக்காரி என்பது மட்டும் விளங்கியது. அவள் இடத்தில் தான் உட்கார்ந்திருந்தால் இதையேதான் கேட்டிருப்போம் என்பதும் விளங்கியது.

“பாக்கட்டும்ப்பா,” என்றாள் மீனா.

எல்லாரும் திரும்பினார்கள்.

“எனக்குச் சம்மதம் அத்தை. ஆனா ஒண்ணு. அந்த வீடியோவ நீங்க மட்டும் பாத்தாப் பத்தாது. எங்கப்பாவும் உங்க பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பாக்கணும். ரெண்டு பக்கமும். எது குழி, எது ஓட்டைன்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும்.”

“அடியே!” என்றாள் செல்லத்தாய்.

“எப்படித்தா…” என்றார் சிவனாண்டி. “நான் எப்படித்தா அதப் பாப்பேன்?”

“அன்னிக்கி ஆஸ்பத்திரியில அவரு அம்மா பாக்கத் தெம்பில்லாம பெஞ்சுல பிளாஸ்க்கோட உக்காந்திருந்தாங்க. நீங்கதானப்பா உள்ள போனீங்க? உங்களுக்குத் தெம்பு இருக்குல்ல?”

சோலையம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் அவள் முகத்தில் திருப்தி தெரிந்தது. “பொண்ணு பேசுது. எனக்குப் புடிச்சிருக்கு. நீங்க சொல்லுங்கண்ணே, சரியா, இல்லையா?”

முத்துக்குமரன் முதல் தரமாகத் தலையை நிமிர்த்தி மீனாவைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். பிறகு மறுபடி செல்போனுக்குள் போய்விட்டான்.

சிவனாண்டி மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அழகுராஜாவைப் பார்த்தார். அவர் பஜ்ஜித் தட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். மகளைப் பார்க்க மட்டும் கண் போகவில்லை. வாயைத் திறந்தார், ஒரு விலையும் வரவில்லை. தலை ஆடியது. சரி என்கிற மாதிரிதான் ஆடியது.

மீனா எழுந்து காப்பித் தம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து அடுக்கினாள். சோலையம்மாளிடம் வந்ததும் குனிந்து, நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

“அத்தை, அன்னிக்கி வெறும் வயித்துலதான வரணும்?”